சிவப்பு விளக்கின் சாட்சியம்

2023ஆம் ஆண்டு மே மாதத்தின் ஓர் அதிகாலை. ஆசாத்பூர் சந்தையில் முருங்கையும் தக்காளியும் சின்ன வெங்காயமும் ஏற்றிக்கொண்டு கிழக்கு டெல்லி நோக்கிச் சென்ற பிக்அப் வண்டி ஒன்று, மஜ்னு கா டிலா அருகே லாரிகளின் நெரிசலில் நின்றது. எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. அப்போது ஓட்டுநரின் கண்ணெதிரே எண்ணெய்க் குடுவை வடிவிலான சிவப்பு விளக்கு மினுமினுத்தது. அவர் ஆக்ஸிலரேட்டரைச் சற்று மிதித்தார், விளக்கு அணைந்தது. காலை எடுத்தார், மீண்டும் எரிந்தது. வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினார்.

பக்கத்தில் இருந்தவர் அவருடைய மனைவியின் தம்பி. "மாமா, அந்த ஒயரைப் புடுங்கி விட்டுட்டா லைட்டு எரியாது. லோடை எறக்கிட்டு அப்புறமா பாத்துக்கலாம்" என்றார்.

"லைட்டு எரியாது மாப்ள, எஞ்சின் எரிஞ்சிரும்" என்றார் ஓட்டுநர்.

அன்று சரக்கு வேறொரு வண்டியில் மாற்றி அனுப்பப்பட்டது. வாடகை போனது, தக்காளியில் நான்கு பெட்டி வெயிலில் நசிந்தது. ஆயினும் அந்த அதிகாலையில் அவர் எடுத்த முடிவே பின்னர் நடந்த யாவற்றுக்கும் அடிப்படையாக அமைந்தது.

அவர் சேலம் மாவட்டத்துக்காரர். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். டெல்லிக்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. மயூர் விஹார் பகுதியின் தமிழ்க் கடைகளுக்கும் மெஸ்களுக்கும் காய்கறி கொண்டு சேர்ப்பது அவர் தொழில். இரண்டரை லிட்டர் டர்போ டீசல் எஞ்சின் கொண்ட அந்த வண்டி 2016இல் காசியாபாத்தில் பதிவானது. அதுவரை 2,40,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது.

தேசியத் தலைநகர்ப் பகுதியில் அப்போது ஒரு டீசல் வண்டிக்குப் பதிவாண்டு என்பது வெறும் எண்ணாக இருக்கவில்லை. பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகள் டெல்லியிலும் அதைச் சூழ்ந்த தலைநகர்ப் பகுதியிலும் ஓடக் கூடாதென்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 ஏப்ரலில் உத்தரவிட்டது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை நடைமுறைப்படுத்தச் சொன்னது. காற்றின் நிலையை அறிந்த எவரும் அந்த உத்தரவின் தேவையை எளிதில் மறுத்துவிட முடியாது. ஆனால் அதன் விளைவாக, எஞ்சினில் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் அப்போது எஞ்சியிருந்த மாதங்களால் வகுக்கப்பட்டது. அந்த வண்டிக்கு எஞ்சியிருந்தவை மூன்று ஆண்டுகள்.

வீட்டுக்கு அருகிலிருந்த பட்டறை முதலில் எளிய வைத்தியம் சொன்னது. வழக்கமான 15டபிள்யூ40 எண்ணெயை வடித்துவிட்டு, கனமான 20டபிள்யூ50 எண்ணெயும் அழுத்தத்தை உயர்த்தும் என்று விற்கப்படும் கலவை ஒன்றும் ஊற்றினார்கள். விளக்கு அணைந்தது. பன்னிரண்டு நாட்கள் அணைந்தே இருந்தது. பதின்மூன்றாம் நாள் அது வேறு விதமாக எரிந்தது: நெரிசலில் நிற்கும்போதன்று, காலியான சாலையில் வேகமாகப் போகும்போது. மேலும், காலையில் எஞ்சினைக் கிளப்பியதும் இரண்டு நொடியில் அணையும் விளக்கு இப்போது ஆறேழு நொடி எடுத்துக்கொண்டது. பட்டறை இம்முறை தீர்ப்பே சொல்லிவிட்டது: "பேரிங் எல்லாம் போய்விட்டது, முழு எஞ்சின் வேலை, எண்பத்தைந்தாயிரம்." அவ்வாண்டு கல்லூரியில் சேரவிருந்த மகளுக்கென எடுத்து வைத்திருந்த தொகை ஏறத்தாழ அவ்வளவுதான்.

இந்தத் தீர்ப்பு அறிவீனமானது என்று சொல்வதற்கில்லை. இத்தனை தூரம் ஓடிய எஞ்சினில் பேரிங் தேய்வது இயல்பு. எஞ்சின் சூடேறி மெதுவாக ஓடும்போது விளக்கு எரிவதும் பேரிங் தேய்மானத்தின் பாட அறிகுறிதான். குறை ஒன்றே: யாரும் எதையும் அளக்கவில்லை.

அந்த விளக்கு எதைச் சொல்கிறது என்பதிலேயே பரவலான ஒரு மயக்கம் உண்டு. அது எண்ணெயின் அளவைச் சொல்லும் விளக்கு அன்று. எஞ்சின் உடலில் திருகப்பட்ட சிறு சுவிட்சு ஒன்று, எண்ணெய்ப் பாதையின் அழுத்தம் ஒரு வரம்புக்குக் கீழே போனால் மின்சுற்றை மூடும். பல வண்டிகளில் அவ்வரம்பு அரை பார் அளவை ஒட்டியது. அளவு மிகக் குறைந்தாலும் அது எரியும். அளவு நிறைந்திருக்கும்போதும் எரியலாம்.

அடுத்த மயக்கம், அழுத்தத்தை எண்ணெய்ப் பம்பு உண்டாக்குகிறது என்பது. பம்பு தருவது ஓட்டத்தை மட்டுமே. அவ்வோட்டம் குறுகிய இடைவெளிகளைக் கடக்கப் படும் எதிர்ப்பே அழுத்தமாகத் தெரிகிறது. கிராங்க் தண்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் இடையே புதிய எஞ்சினில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு இடைவெளி இருக்கும். ஒரு தலைமுடியின் பருமனை ஒட்டிய அளவு. அந்த இடைவெளி வழியாகக் கசியும் எண்ணெயின் அளவு இடைவெளியின் மூன்றாம் அடுக்கிற்கேற்ப உயர்கிறது. இடைவெளி இருமடங்கானால் கசிவு எட்டு மடங்கு. கண்ணுக்குத் தெரியாத தேய்மானம் விளக்கை எரியவைப்பது இதனால்தான்.

அந்த மெல்லிய எண்ணெய்ப் படலம் இரும்பைத் தாங்கும் விந்தையை உலகம் தற்செயலாகத்தான் அறிந்தது. இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற பொறியாளர் இயந்திரப் பொறியாளர் கழகத்துக்காக ரயில் அச்சுகளின் பேரிங்குகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். பேரிங்கின் உச்சியில் எண்ணெய் விடுவதற்காக இட்ட துளை வழியே எண்ணெய் மேலேறி வழிந்தது. தக்கை வைத்து அடைத்தார். அது மெல்ல மெல்ல வெளியே தள்ளப்பட்டது. மரத்தில் அடைப்பு செய்து வைத்தார், அதுவும் தள்ளப்பட்டது. கேஜ் ஒன்றைப் பொருத்தினார். சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டு என்னும் அதன் எல்லையையும் முள் கடந்தது. பேரிங் மீதிருந்த சராசரிச் சுமையோ அதில் பாதிதான். 1883இல் வெளியான அந்த அறிக்கைக்கு 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கணித விளக்கம் தந்தார்: சுழலும் தண்டு தானே எண்ணெயை ஆப்பு வடிவில் இழுத்து, அந்த ஆப்பின் மீது மிதக்கிறது. ஆகவே எஞ்சினில் பம்பு கிராங்கைத் தூக்கி நிறுத்துவதில்லை. அந்த ஆப்பு வற்றாமல் எண்ணெய் ஊட்டுகிறது. ஊட்டம் நின்றால் படலம் அறுந்து, உலோகம் உலோகத்தில் உரசும். அப்போது ஓட்டுநர் கையில் மிஞ்சுவது சில நிமிடங்களே.

எண்ணெயின் பாகுநிலை இதில் மூன்றாவது கூறு. வழக்கமான 15டபிள்யூ40 எண்ணெய் 40 டிகிரி செல்சியஸில் 100 சென்டிஸ்டோக்ஸுக்குச் சற்று மேல் இருக்கும். 100 டிகிரியில் 14, 15 அளவுக்கு இறங்கிவிடும். சூட்டில் ஏழில் ஒரு பங்காக இளகும் பொருளைக் கொண்டு ஆய்வு செய்கிறபோது, எந்த வெப்பத்தில் அளக்கப்பட்டது என்று குறிப்பிடாத அழுத்த அளவுக்குப் பொருளே இல்லை. டெல்லியின் மே மாதத்தில் இது கூடுதலாக உண்மை.

ஓட்டுநர் இரண்டாவது கருத்துக்காகச் சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகருக்குச் சென்றார். அங்கே லாரி எஞ்சின்களோடு நாற்பதாண்டு கழித்த முதியவர் ஒருவர் இருந்தார். எல்லாரும் அவரை உஸ்தாத் என்றே அழைத்தார்கள். எஞ்சின் வேலை செய்ய எவ்வளவு ஆகும் என்ற கேள்விக்கு அவர் விடை சொல்லவில்லை. சாவியைக் கேட்டு வாங்கினார்.

முதலில் அவர் விசாரித்தது சாட்சியை. சாவியைத் திருப்பியதும், எஞ்சின் ஓடாதபோது, விளக்கு எரிய வேண்டும், எரிந்தது. சுவிட்சிலிருந்து ஒயரைக் கழற்றினால் அணைய வேண்டும், அணைந்தது. ஒயர் எங்கும் உரசி எஞ்சின் உடலைத் தொடவில்லை என்பது அதனால் உறுதியானது. அடுத்து டிப் ஸ்டிக். எண்ணெயின் மட்டம் இரு கோடுகளுக்கிடையே சரியாக இருந்தது. அதை விரலில் எடுத்து முகர்ந்தார். டீசல் வாடை இல்லை. இஞ்செக்டர் கசிந்து டீசல் எண்ணெயில் கலந்தால் எண்ணெய் இளகும், மட்டமும் உயரும். இரண்டும் இல்லாததால் அந்தக் காரணம் விலக்கப்பட்டது. இவ்வளவுக்கும் ஆன செலவு ஒன்றுமில்லை, பத்து நிமிடம்.

பிறகு சுவிட்சைக் கழற்றிவிட்டு, அந்தத் துளையில் முள் கேஜ் ஒன்றைத் திருகினார். விளக்குக்குத் தெரிந்தது ஆம், இல்லை என்ற இரண்டு சொல் மட்டுமே. கேஜுக்கு எண்கள் தெரியும். எஞ்சின் குளிர்ந்த நிலையில், மெதுவாக ஓடும்போது முள் தயங்கித் தயங்கி ஏறி 2.2 பாரில் நின்றது. வண்டியைச் சுமையோடு ஒரு சுற்று ஓட்டிச் சூடேற்றிய பின் 0.5. நிமிடத்துக்கு 1500 சுற்றில் 1.3. 2500 சுற்றில் 1.6. ஆயிரம் சுற்றுக்கு முக்கால் பார் அளவாவது வேண்டும் என்பது பட்டறைகளின் பழைய கணக்கு. அக்கணக்கில் ஒவ்வோர் எண்ணும் விளிம்பிலோ அதற்குக் கீழோ இருந்தது. இதுவரை முதற்பட்டறையின் தீர்ப்புக்கு முரணான எதுவும் இல்லை.

3000 சுற்றில் நிறுத்திப் பிடித்தபோதுதான் முள் நடுங்கத் தொடங்கியது. மேலே போக வேண்டியது கீழே இறங்கியது; ஒன்றுக்கும் கீழே, பின் அரை பாரை நோக்கி. உஸ்தாத் உடனே காலை எடுத்தார்.

வழக்கு அங்கே திரும்பியது. பேரிங் மட்டுமே தேய்ந்திருந்தால், அழுத்தம் எவ்வளவு குறைவாயினும் வேகம் கூடக் கூட அது உயரத்தான் வேண்டும். பம்பு வேகமாகச் சுழன்று அதிக எண்ணெய் தள்ளுமல்லவா? அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரிலீஃப் வால்வு திறந்த நிலையில் சிக்கியிருந்தால், முள் ஓர் அளவோடு உயர்வதை நிறுத்திக்கொள்ளும். இப்படி நடுங்கி விழாது. வேகம் கூடும்போது அழுத்தம் விழுகிறது என்றால் பம்புக்கு எண்ணெய் வந்து சேரவில்லை என்பதே பொருள். உறிஞ்சும் பக்கத்தில் ஏதோ தடை. கனமான எண்ணெய் ஊற்றிய பிறகு காலையில் விளக்கு அணையத் தாமதித்ததும், வேகத்தில் எரியத் தொடங்கியதும் இதனோடு பொருந்தின. ஒடுங்கிய வாய் வழியே நீரை உறிஞ்சலாம். கூழை உறிஞ்சுவது கடினம்.

"இந்த வண்டியின் சேம்பரை எப்போதாவது கழற்றினார்களா?" என்று கேட்டார் உஸ்தாத்.

ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலிருந்து நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்தார். 2016 முதல் அந்த வண்டிக்குச் செய்த ஒவ்வொரு வேலையும் தேதியோடும் கிலோமீட்டரோடும் அதில் இருந்தது. பக்கங்களைப் புரட்டினார். 2021 நவம்பர்: "ஆயில் கசிவு. சேம்பர் கழட்டி, பசை போட்டு மாட்டியது."

சேம்பர் என்பது எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டி. அதை மீண்டும் பொருத்தும்போது விளிம்பில் சிலிக்கோன் பசை இடுவார்கள். மெல்லிய கோடாக இட்டால் போதும். கசிந்துவிடக் கூடாதென்ற அக்கறையில் தாராளமாக இட்டால், போல்ட்டை இறுக்கும்போது பசை வெளியே பிதுங்கும் அளவுக்கு உள்ளேயும் பிதுங்கும். வெளியே பிதுங்கியதைத் துடைத்துவிடலாம். உள்ளே பிதுங்கியது ரப்பர் இழையாக இறுகி, ஒருநாள் அறுந்து எண்ணெயில் விழும். பம்பின் வாயிலிருக்கும் சல்லடையைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும்.

சேம்பரைக் கழற்றினார்கள். சல்லடையில் மூன்றில் இரண்டு பங்கு, சாம்பல் நிற ரப்பர் நார்களாலும் கரிய படிவாலும் அடைபட்டிருந்தது.

எளிய முடிவை விரும்புகிறவர் இங்கேயே நிறுத்தியிருப்பார். உஸ்தாத் நிறுத்தவில்லை. சல்லடை அடைப்பு வேகத்தில் விழும் அழுத்தத்தை விளக்கியது. சூட்டில், மெதுவாக ஓடும்போது காட்டிய அரை பாரை முழுமையாக விளக்கவில்லை. அந்நிலையில் பம்பு கேட்பது குறைந்த ஓட்டமே. எஞ்சியிருந்த சல்லடையே அதற்குப் போதும். ஆகவே பழைய ஆயில் ஃபில்டரை அறுத்து, மடிப்புகளை விரித்து வெயிலில் பார்த்தார். மெல்லிய சாம்பல் துகள் இருந்தது, பளபளக்கும் உலோகச் செதில் இல்லை. பேரிங் மூடிகளைக் கழற்றினார். சில ஓடுகளில் மேற்பூச்சு தேய்ந்து செம்பு நிறம் தெரிந்தது. மெல்லிய பிளாஸ்டிக் இழையை இடையில் வைத்து மூடியை இறுக்கி, நசுங்கிய அகலத்தைக் கொண்டு இடைவெளியை அளந்தார்: 0.05 இருக்க வேண்டிய இடத்தில் 0.09 மில்லிமீட்டர். மூன்றாம் அடுக்கின் கணக்குப்படி கசிவு ஏறத்தாழ ஆறு மடங்கு. ஆனால் கிராங்கின் கழுத்துகளில் கீறல் இல்லை. மைக்ரோமீட்டரில் அவை வட்டம் பிசகாமல், வரம்புக்குள் நின்றன. பம்பின் பற்களுக்கிடையே விட்ட அளவுத் தகடும் தேய்மானம் இல்லை என்றது.

ஆக, முதற்பட்டறை சொன்னது பாதி உண்மை. பேரிங் தேய்ந்திருந்தது, கிராங்க் தேயவில்லை. எஞ்சினை இறக்கிப் பிரித்து, கிராங்கைக் கடைசல் பிடித்து, பிஸ்டன் வரை மாற்ற வேண்டிய தேவை இல்லை. வண்டிக்கு அடியிலிருந்தே பேரிங் ஓடுகளை மட்டும் மாற்றினால் போதும்.

கஷ்மீரி கேட் உதிரிபாகச் சந்தையிலிருந்து ஓடுகளும் புதுச் சல்லடையும் ஃபில்டரும் வந்தன. ரிலீஃப் வால்வைக் கழற்றித் துடைத்துப் பூட்டினார்கள். சேம்பரின் விளிம்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து, பசையை நூல் அளவில் மட்டும் இட்டார்கள். எண்ணெய் மறுபடியும் 15டபிள்யூ40. கடைசியாக ஒரு முன்னெச்சரிக்கை: டீசல் வரத்தைத் துண்டித்துவிட்டு, கேஜில் முள் ஏறும்வரை ஸ்டார்ட்டரை மட்டும் விட்டுவிட்டுச் சுழற்றினார்கள். புதிய பேரிங் தன் முதல் சுற்றுகளை எண்ணெயில்லாமல் சுழலக் கூடாது என்பதற்காக.

மறுபடி அதே வரிசையில், அதே சுமையில், அதே சூட்டில் அளந்தார்கள். குளிர்ந்த நிலையில் 3.8. சூட்டில், மெதுவாக ஓடும்போது 1.2. 2500 சுற்றில் 3.1. 3000 சுற்றில் 3.4, முள் அசையாமல் நின்றது. இரண்டு நாள் வேலை. மொத்தச் செலவு 13,400 ரூபாய்.

ஆய்வுத் துறையில் இருப்பவர்களுக்கு இந்தக் கதையில் புதிதாக ஒன்றும் இல்லை என்று தோன்றலாம். ஒரே அறிகுறியை இரண்டு காரணங்கள் விளக்கும்போது, அவ்விரண்டும் எங்கே வேறுபட்ட விளைவைத் தருமோ அங்கே சென்று அளக்க வேண்டும் என்பதைப் பாடப் புத்தகமே சொல்லும். சூடான எஞ்சினை மெதுவாக ஓட விட்டு ஆயிரம் முறை அளந்திருந்தாலும் அந்த வழக்கு தீர்ந்திருக்காது. 3000 சுற்றில் ஒரே முறை அளந்ததும் தீர்ந்தது. ஆனால் பாடம் அறிந்தவர்களும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. காரணம் ஒன்று கிடைத்தவுடன், மற்றொன்றும் இருக்கக்கூடும் என்ற எண்ணமே மறைந்துவிடுகிறது. பேரிங் என்று சொன்னவர்கள் சல்லடையைப் பார்க்கவில்லை. சல்லடையைக் கண்டவர் பேரிங்கைப் பார்க்காமல் விட்டிருந்தால், அடுத்த கோடையில் அதே விளக்கு மீண்டும் எரிந்திருக்கும்.

கனமான எண்ணெயும் நினைவில் கொள்ளத் தக்கது. அது பொய்ச் சரக்கு அன்று. அதற்கான எஞ்சின்களில் அது நல்ல எண்ணெய். இங்கே அது செய்த தீங்கு, எண்ணை உயர்த்தி நோயை மறைத்தது. பன்னிரண்டு நாட்கள் விளக்கு அணைந்திருந்ததை எல்லாரும் குணம் என்று எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பன்னிரண்டு நாட்களும் பம்பு முன்னைவிடக் குறைந்த எண்ணெயை உறிஞ்சிக்கொண்டிருந்தது. ஒயரைப் பிடுங்குவது நேர்மையற்றது என்று யாவருக்கும் தெரியும். கனமான எண்ணெய் ஊற்றுவது வைத்தியம் போலத் தோன்றுவதால் அதைவிட ஆபத்தானது.

உஸ்தாதின் கேஜ் காரணம் எங்கே இருக்கிறது என்று காட்டியது. அது எப்படி அங்கே வந்தது என்பதைக் காட்டியது எட்டாம் வகுப்பு வரை படித்தவரின் நோட்டு. பதினெட்டு மாதங்களுக்கு முன் இட்ட பசையை மனித நினைவு வைத்திருக்காது. வைத்திருந்தாலும் அதை இந்த விளக்கோடு தொடர்புபடுத்தியிருக்காது. ஏன் இதையெல்லாம் எழுதி வைக்கிறீர்கள் என்று உஸ்தாத் கேட்டதற்கு, வண்டியை விற்கும்போது வாங்குகிறவர் நம்ப வேண்டுமே என்றார் ஓட்டுநர். 2026இல் தலைநகர்ப் பகுதிக்கு வெளியே உள்ள ஏதாவது ஒரு மாவட்டத்துக்கு அதை விற்க வேண்டியிருக்கும் என்று அவர் அப்போதே கணக்கிட்டிருந்தார்.

மகள் அவ்வாண்டு கல்லூரியில் சேர்ந்தாள். வண்டி மறுநாளே ஆசாத்பூருக்குத் திரும்பியது. அன்றிரவு நோட்டில் ஒரு வரி சேர்ந்தது: தேதி, கிலோமீட்டர், "பேரிங், ஜல்லடை மாத்தியது. சூட்டில் 1.2." இப்போதும் அதிகாலையில் சாவியைத் திருப்பியதும் அவர் உடனே கிளப்புவதில்லை. முதலில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்க்கிறார். பிறகு எஞ்சினைக் கிளப்பி, அது அணையும் வரை மனத்துக்குள் எண்ணுகிறார். இரண்டுக்கு மேல் போனால் எழுதி வைக்க, நோட்டும் பேனாவும் இருக்கைக்கு அடியில் இருக்கின்றன.